கூரைக்கு என்ன துணி? (அல்லது, அப்பாவும் நானும் மூணு வாரம் பேசாத கதை)

ரொம்ப நாளா நம்ம பக்கம் காத்தாடுது. செமஸ்டர், இன்டர்னல், ரெக்கார்ட் நோட்டுன்னு ஆணி அதிகம். அதனால இந்தத் தடவை கொஞ்சம் நீளமாவே மொக்கை போடப்போறேன், பொறுத்துக்குங்க மக்களே.

விஷயம் இதுதான். நானும் என் கிளாஸ்மேட் ஒருத்தனும் சேர்ந்து, ராத்திரி தங்குற மாதிரி ஒரு சின்ன டிரெய்லர் வண்டி செஞ்சோம். கார்ல மாட்டி இழுக்குறது இல்லைங்க, சைக்கிள்ல. கார் இல்லைங்கறது முதல் காரணம். ரெண்டாவது காரணம் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதையும் பதிவு பண்ணணும். வீட்டு வாசல்ல வெல்டிங் வச்ச வண்டியை எந்த ஆபீஸுக்கு தூக்கிட்டுப் போறது? சைக்கிளுக்கு அந்தத் தலைவலி இல்லை.

குழந்தைங்க சைக்கிளோட பழைய சக்கரம் ரெண்டு, ஒரு இன்ச் சதுர இரும்புக் குழாய், பிளைவுட் தரை. ஆறடி நீளம், ரெண்டரை அடி அகலம். ஒருத்தர் கால் நீட்டிப் படுக்கலாம். மேலே கூண்டு வண்டி மாதிரி வளைச்ச பைப்பு. இடம் புளியஞ்சோலைன்னு முடிவு. கொல்லிமலைக்கு காரவள்ளி பக்கமா ஏறினா 70 கொண்டை ஊசி வளைவு, சைக்கிள்ல டிரெய்லரோட போனா நாங்க கொண்டை ஊசியாத்தான் திரும்பி வருவோம். புளியஞ்சோலை மலையோட கிழக்கு அடிவாரம். துறையூர்ல இருந்து உப்பிலியபுரம் வழியா மலை ஏறாமலே போயிடலாம்.

எல்லாம் முடிஞ்சு கூரையில வந்து நின்னோம். பிரச்சினையும் அங்கதான் ஆரம்பிச்சது. எங்க அப்பா லாரிக்குப் படுதா தைக்கிறவர். 28 வருஷமா அதே தொழில், அதே மெஷின்.

"கூரைதானே, நான் தைச்சுத் தரேன். நல்ல கான்வாஸ் மிச்சம் கிடக்கு" என்றார்.

நான் காமர்ஸ் மூளையைத் தட்டிவிட்டு நோட்டை எடுத்தேன். துணியோட எடையை ஜிஎஸ்எம்னு சொல்வாங்க, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்னு. (ஜெராக்ஸ் பேப்பர் கட்டுல 75 ஜிஎஸ்எம்னு போட்டிருக்குமே, அதே கணக்குதான்.) எங்களுக்குத் தேவை ஒன்பதடிக்கு எட்டடி, அதாவது 6.7 சதுர மீட்டர்.

500 ஜிஎஸ்எம் கான்வாஸ்: 3.3 கிலோ. நனைஞ்சா இன்னும் ஏறும்.
600 ஜிஎஸ்எம் பிவிசி பூசின துணி: 4 கிலோ.
150 ஜிஎஸ்எம் பிளாஸ்டிக் தார்ப்பாய்: ஒரு கிலோ. ஆனா காத்துல சடசடன்னு அடிக்கும், மடிச்ச இடத்துல வெடிக்கும்.
90 ஜிஎஸ்எம் பாலியஸ்டர் ரிப்ஸ்டாப்: வெறும் 600 கிராம்.

ரிப்ஸ்டாப்னா ஒண்ணும் பெரிய வித்தை இல்லை. நெசவுல கொஞ்ச கொஞ்ச இடைவெளிக்கு ஒரு தடிச்ச நூல் குறுக்கும் நெடுக்குமா ஓடும். எங்கயாவது கிழிஞ்சா அந்தக் கட்டத்தோட நின்னுடும். ரெண்டாம் உலகப்போர்ல பாராசூட்டுக்காக வந்த யோசனை. நைலான்லயும் கிடைக்கும், ஆனா நைலான் ஈரத்தைக் குடிச்சு தொய்ஞ்சு போகும். பாலியஸ்டர் அவ்வளவா தொய்யாது, வெயிலையும் கொஞ்சம் கூடத் தாங்கும். அதனால என் ஓட்டு பாலியஸ்டருக்கு.

கணக்கு எல்லாம் சரிதான். வாய்தான் சரியில்லை. "அப்பா, உங்க படுதா செம வெயிட்டு. இந்தக் காலத்துல அதை யார் வாங்குவா?"ன்னு சொல்லிட்டேன்.

அவர் ஒண்ணும் சொல்லலை. மெஷின் மேல உறையைப் போட்டுட்டு உள்ளே போயிட்டார். அப்புறம்தான் அம்மா சொன்னாங்க, அந்த மெஷின்ல ரெண்டு மாசமா ஒரு ஆர்டர்கூட ஓடலையாம். ரெடிமேட் பிளாஸ்டிக் தார்ப்பாய் வந்ததுல இருந்தே அப்படித்தானாம். அதே வீட்டுல இருக்கேன், எனக்கு அது தெரியலை.

ஆனாலும் வீம்பு. துணியை வாங்கி வேற ஒரு இடத்துல குடுத்துத் தைச்சேன். ஐப்பசி மாசம், நானும் நண்பனும் கிளம்பிட்டோம். ஆத்தோரமா தங்கலை. மலை மேலே பெய்யுற மழை கீழே தெரியாது, ஆகாய கங்கையா மேலே விழுற அய்யாறுதான் இங்க இறங்கி வருது, தண்ணி எப்ப ஏறும்னு சொல்ல முடியாது. நண்பனோட சொந்தக்காரர் தென்னந்தோப்புல மேடான இடத்துல நிறுத்தினோம். அவன் மோட்டார் ரூம்ல, நான் வண்டியில.

ராத்திரி ரெண்டு மணிக்கு மழை. ரெண்டேகாலுக்கு மூக்கு மேல முதல் சொட்டு. துணியில ஒரு பொட்டு ஓட்டை கிடையாது. ஆனா உச்சியில நீளமா ஓடின தையல்ல, ஒவ்வொரு ஊசி ஓட்டை வழியாவும் தண்ணி வரிசையா இறங்குது. பைப்புக்கு நடுவுல துணி பள்ளம் விழுந்து அங்க குளம் வேற. ஒரு சதுர மீட்டர்ல ஒரு மில்லிமீட்டர் தண்ணி நின்னா ஒரு லிட்டர், அதாவது ஒரு கிலோ. நான் நோட்டுல மிச்சம் பிடிச்ச ரெண்டே முக்கால் கிலோவை மழை அஞ்சு நிமிஷத்துல திருப்பிக் குடுத்துடுச்சு.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியைக் கொடியில போட்டேன். சாயந்திரம் பார்த்தா அப்பா அதுக்குக் கீழே நின்னு தையலை விரலால தடவிக்கிட்டு இருக்கார். மூணு வாரத்துல அவரா பேசின முதல் வார்த்தை:

"துணி நல்ல துணிதான்டா. தைச்சவனுக்குத்தான் மழை தெரியலை."

அப்புறம் அவரே விளக்கினார். பருத்தி கான்வாஸ்ல நூல் நனைஞ்சா உப்பும், ஊசி ஓட்டையைத் தானா அடைக்கும். (அதனாலதான் மழை பெய்யும்போது படுதாவை உள்ளேயிருந்து தொடாதேன்னு சின்ன வயசுல திட்டுவார். தொட்ட இடத்துல தண்ணி இறங்க ஆரம்பிச்சிடும்.) பிளாஸ்டிக் நூல் உப்பாது. குத்தின ஓட்டை குத்தினபடியேதான் இருக்கும். அதனால ஊசி மெல்லிசா இருக்கணும், தையல் கொஞ்சம் நீட்டு நீட்டா விழணும், உச்சியில தையலே வரக்கூடாது. ரெண்டு விளிம்பையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மடக்கி ரெண்டு ஓட்டு ஓட்டணும். மடிப்போட வாய் கீழ்ப்பக்கம் பார்க்கணும். "ஓடு எப்படி மேய்வாங்க? மேல் ஓடு கீழ் ஓட்டு மேல ஏறித்தானே நிக்கும்?"

என் பங்குக்கு நானும் ஒண்ணு சொன்னேன். பாலியூரித்தேன் பூசின துணியோட தையலுக்கு அதே வகைப் பசைதான் தடவணும், சிலிக்கான் பூசினதுக்கு சிலிக்கான் பசைதான் பிடிக்கும். "அப்படியா?"ன்னு கேட்டுக்கிட்டார். மெஷின் உறை கழன்றது. பழைய தையல் இருந்த பகுதியை வெட்டி எடுத்துட்டு, வாங்கினதுல மிச்சம் இருந்த துணியைச் சேர்த்து மூணு நாள் தைச்சார். நடுவுல ரெண்டு பைப்பு கூட வளைச்சு பள்ளத்தையும் ஒழிச்சோம்.

அடுத்த தடவை புளியஞ்சோலைக்கு அப்பாவும் வந்தார், மொபட்ல பின்னாடியே. வண்டியில அவரைத்தான் படுக்க வச்சோம். விடியற்காலை மழை. ஓடிப்போய்ப் பார்த்தா, உட்கார்ந்து கூரையைத் தடவிக்கிட்டு இருக்கார், முகம் செத்துப்போச்சு. "ஒழுகிடுச்சுடா." கை ஈரம்.

தையலைப் பார்த்தேன். காஞ்சு கிடந்தது. ஈரம் துணி முழுக்க ஒரே சீரா பனி மாதிரி. "அப்பா, இது மழை இல்லை. உங்க மூச்சு. கான்வாஸ் ஆவியை வெளியே விடும், இந்தத் துணி விடாது. குளிர்ந்த துணியில பட்டு தண்ணியாயிடுச்சு." அவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். "அப்ப ரெண்டு முனையிலயும் ஒரு சாண் திறந்து கொசுவலை வச்சுத் தைச்சுடலாம்" என்றார். இப்ப அப்படித்தான் இருக்கு.

கடைசியா மொத்தச் செலவை எழுதினேன். இரும்பு, சக்கரம், துணி, பசை. கூலிங்கற இடத்துல சைபர் போட்டேன். அப்பா எட்டிப் பார்த்தார். "அது ஏன் சைபர்?"

"நீங்கதானேப்பா தைச்சீங்க?"

"நான் தைச்சா கூலி கிடையாதா? எழுது."

காசு கையில வராத செலவையும் கணக்குல காட்டணும்னு காஸ்டிங் பேப்பர்ல படிச்சு, பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். மூணு நாள் கூலியை எழுதினேன். வண்டியோட மொத்தச் செலவுல அதுதான் பெரிய தொகை.

டிஸ்கி: இதைப் பார்த்துட்டு நண்பனோட சித்தப்பா தன் ஆட்டோவுக்கு மழைத் திரை கேட்டிருக்கார். அப்பா அவரைக் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை ஜிஎஸ்எம்ல வேணும்?"