முனை தெரிகிறதா?

பெரியம்மாவுக்கு அக்கி வந்தது மாசி மாதம். கெங்கவல்லியில் அக்கி என்றால் இன்றைக்கும் முதலில் போவது குயவர் வீட்டுக்குத்தான். காவிமண்ணைக் குழைத்து, முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரை எழுதிவிட்டார்கள். மூன்று வாரத்தில் கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. எரிச்சல் போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே துடித்துப்போவார். ஐந்து மாதம் சுவரில் சாயவில்லை, மல்லாந்து படுக்கவில்லை. "மொளகா அரைச்சு உள்ளார அப்புனாப்ல இருக்குது சாமி" என்பார்.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி நரம்பின் வேரில் பல வருஷம் தூங்கிக்கிடந்து, முதுமையில் எழுந்து அந்த ஒரு நரம்பின் வழியே வருவதுதான் அக்கி. அதனால்தான் உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாகப் படர்கிறது. தோல் ஆறினாலும் காயம்பட்ட நரம்பு சிலருக்கு ஆறுவதில்லை. கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்கினால் நோயின் வேகம் குறையும். அந்த மூன்று நாளை நாங்கள் தவறவிட்டோம். எழுத்து எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. எழுதிய கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போயிருக்க வேண்டியது நான்.

நரம்பு வலிக்குத் தந்த மாத்திரையில் தலை சுற்றிக் கிணற்றடியில் விழுந்த பிறகுதான், சேலத்தில் வலிக்கென்றே பார்க்கும் ஒரு மயக்க மருத்துவரிடம் அழைத்துப் போனேன்.

சூட்கேஸ் அளவில் ஒரு ஸ்கேன் இயந்திரம். பெரியம்மாவை மேசையில் உட்காரவைத்துத் தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். எதிரே நின்று தோளைத் தாங்கிக்கொண்ட நர்ஸ், "எந்த ஊரு ஆயா?" என்றார். "கெங்கவல்லி." "நானு வீரகனூருதான்." அவ்வளவுதான், மாட்டுச்சந்தையைப் பற்றி இருவரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேச்சும் வைத்தியத்தில் சேர்த்தி என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. நோயாளி திடுக்கிட்டு அசைந்தால் எல்லாம் கெட்டுப்போகும்.

டாக்டரம்மா இடக்கையால் ஸ்கேன் கருவியை முதுகில் வைத்து, திரையைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னார். "மேல அடுக்கடுக்கா தெரியிறது சதை. அடியில வெள்ளையா தட்டையா ஒண்ணு இருக்கே, அது முதுகெலும்போட பக்கக் கிளை. அதுக்கும் ஆழத்துல மூச்சு விடும்போது மினுக்மினுக்குனு நகருது பாருங்க, அது நுரையீரல் உறை. அங்க ஊசி போகவே கூடாது."

கருவியிலிருந்து வரும் ஒலிக்கற்றை ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அந்த மெல்லிய தகட்டுக்குள் ஊசி முழுக்கக் கிடந்தால் திரையில் வெள்ளிக்கோடாகத் தெரியும். மணிக்கட்டு இம்மி திரும்பினாலும் முனை மறைந்துவிடும். தெரிவது ஊசியின் நடுப்பகுதியாக இருக்கும், பார்ப்பவர் அதையே முனை என்று நினைத்துவிடுவார். பெரியம்மாவுக்குப் போடும்போது இரண்டு தடவை கோடு காணாமல் போயிற்று. இரண்டு தடவையும் டாக்டரம்மா ஊசியை அப்படியே நிறுத்திவிட்டு, கருவியை மட்டும் மயிரிழை மயிரிழையாகச் சாய்த்துத் தேடினார். "முனை தெரியாம ஒரு இம்மிகூட நகர்த்தமாட்டேன்."

முனை எலும்பைத் தொட்டதும் முதலில் உப்புநீர், இரண்டே மில்லி. ஈரத்துணிக்கு அடியில் தண்ணீர் ஓடித் தூக்குவதுபோல், சதை எலும்பைவிட்டு எழும்பியது. இடம் சரி என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு மரத்துப்போகும் மருந்து இருபது மில்லி. ஐந்து மில்லிக்கு ஒருமுறை பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்தார். தவறி ரத்தக்குழாயில் மருந்து ஏறினால் இதயத்தையே அது நிறுத்தக்கூடும். அதற்கு முறிமருந்தாகப் பால் நிறத்தில் ஒரு கொழுப்புக் கரைசல் பக்கத்து டிராலியில் காத்திருந்தது.

1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் கோகெய்ன் சொட்டுவிட்டுக் கண்ணை மரக்கச் செய்தார். அதே ஊரில் 1994இல் காப்ரல் குழுவினர் காறையெலும்புக்கு மேலே உள்ள நரம்புக் கொத்தை ஸ்கேனில் பார்த்து ஊசி போட்டதை எழுதினார்கள். இடைப்பட்ட நூற்றுப்பத்து வருஷமும் பெரும்பாலும் விரலால் தடவிப் பார்ப்பதுதான் வழி. "கரண்ட் அடிச்ச மாதிரி இருந்தா சொல்லுங்க" என்று கேட்டுக் கேட்டு நரம்பைக் கண்டுபிடித்தார்கள். பெரியம்மாவுக்குப் போட்ட முறை இன்னும் இளசு. 2016இல் கனடாவில் ஃபொரேரோவும் உடன் இருந்தவர்களும் எழுதியது. தமிழ்நாட்டில் இந்தக் கைவேலை பரவியதில் கோவை கங்கா மருத்துவமனைக்குப் பெரிய பங்குண்டு. நசுங்கிய கையோடு வருபவருக்கு அந்தக் கையை மட்டும் மரக்கச் செய்து அறுவை செய்வது அங்கே அன்றாட வேலை.

இன்னொரு நாள், அனுமதி வாங்கிக்கொண்டு, வேலையைப் பார்க்க மட்டும் போனேன். தம்மம்பட்டி மரச்சிற்பி ஒருவர் தோள் வலியோடு வந்திருந்தார். கையைத் தலைக்குமேல் தூக்க முடியவில்லை. ஊசியைவிட டாக்டரம்மாவின் இடக்கைதான் அவர் கண்ணில் பட்டது. "சுண்டுவெரல ஊனிக்கிட்டுத்தான் கருவியப் புடிக்கிறீங்க. நாங்களும் வாகை மரத்துல கண்ணு தெறக்கறப்ப அப்படித்தான். கை அந்தரத்துல நின்னா உளி பேசாது" என்றார். "நான் இதக் கத்துக்க ஆறு மாசம் ஆச்சுங்க" என்றார் டாக்டரம்மா.

அறை வாசலில், கருவின் பாலினம் இங்கே சொல்லப்படமாட்டாது என்ற பலகை தொங்கியது. கர்ப்பிணிகளே வராத அறைக்கு எதற்கு என்று முதலில் நினைத்தேன். ஸ்கேன் இயந்திரம் எதுவானாலும், கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பதிவாக வேண்டும். பதிந்த இடத்தைவிட்டு நினைத்தபடி எடுத்துப்போக முடியாது. இந்தச் சட்டத்தை எங்கள் மாவட்டத்துக்காரன் குறை சொல்லக்கூடாது. பெண்சிசுக்களைக் காப்பாற்ற 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது சேலத்தில்தான். ஆனால் மாதம் ஒருநாள் இந்த இயந்திரத்தை எங்கள் பக்கம் கொண்டுவர டாக்டரம்மா ஆசைப்படுகிறார். சேகோ மில்லில் குத்துக்காலிட்டே கிழங்கு தோல் உரித்து முட்டி தேய்ந்த பெண்கள் ஒரு ஊசிக்காக ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஆத்தூர் போய், அங்கிருந்து சேலத்துக்கு பஸ் மாறுகிறார்கள். காவலும் குறையாமல், வலிக்கான இயந்திரத்துக்கு முறையான பயண அனுமதியும் கிடைக்க வழி செய்யவேண்டும் என்பது என் கருத்து.

பெரியம்மாவுக்கு அன்று மாலையே எரிச்சல் அடங்கியது. பஸ்ஸில் சீட்டில் முதுகைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். ஆத்தூரில் எழுப்ப மனம் வரவில்லை. மூன்றாம் வாரம் வலி திரும்பியது, பாதி அளவுக்கு. இது முழுதும் தீர்க்கிற ஊசியல்ல, சிலருக்கு இரண்டு மூன்று தடவை வேண்டும், சிலருக்குக் கேட்காமலும் போகும் என்று முன்பே சொல்லித்தான் போட்டிருந்தார்கள்.

இரண்டாம் தடவை போனபோது மற்ற நோயாளிகள் கிளம்பிய நேரம். பயிற்சிக்கு வந்திருக்கும் இளம் டாக்டர் ஒரு டிபன் பாக்ஸின்மேல் குனிந்திருந்தார். உள்ளே ஜெலட்டினும் இசப்கோலும் கலந்து காய்ச்சி உறையவைத்த கட்டி. அதற்குள் நரம்புக்குப் பதிலாக ஒரு நூல் கோத்திருந்தது. இசப்கோல் சேர்த்தால் திரையில் சதை மாதிரியே மங்கலாகத் தெரியுமாம். அவர் ஊசியை நகர்த்த, வெள்ளிக்கோடு பாதியில் அறுந்தது. பின்னாலிருந்து டாக்டரம்மா, "முனை எங்க?" என்றார். இளையவர் ஊசியை நிறுத்திவிட்டு, சுண்டுவிரலை ஊன்றி, மறுபடி தேட ஆரம்பித்தார். மேசையில் தலையணையைக் கட்டிக்கொண்டு முறைக்குக் காத்திருந்த பெரியம்மாவும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.