வெந்நீரும் இல்லை, தண்ணீரும் இல்லை!

‘வெளிப்படுத்தின விசேஷம்’ என்றதும் ஏழு தலை மிருகம், 666, உலக அழிவு, இந்த மூன்றும்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வரும். பைபிளின் கடைசிப் புத்தகம் அது. பைபிளை வைத்துக் கணக்குப் போட்டு, முடிவுக்குத் தேதி குறித்தவர்கள் நிறையப் பேர். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் ஆட்கள் 1844 அக்டோபர் 22-ல் இயேசு வருவார் என்று காத்திருந்தார்கள். ஹெரால்ட் கேம்ப்பிங் என்ற ரேடியோ பிரசங்கி 2011 மே 21 என்றார். இரண்டு தேதிக்கும் மறுநாள் சூரியன் வழக்கம்போல டூட்டிக்கு வந்துவிட்டது!

தேதி தேடுகிற அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் பகுதி ஒன்று அதே புத்தகத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது. ஏழு கடிதங்கள். பத்மு தீவில் இருந்த யோவான், ஏழு நிஜ ஊர்களின் சபைகளுக்கு எழுதியவை. ஏழு ஊர்களும் இன்றைய துருக்கியின் மேற்குப் பக்கம் இருக்கின்றன. கடைசிக் கடிதம் போன விலாசம் லவோதிக்கேயா. அதைத் தேடித்தான் நான் போனேன்.

டெனிஸ்லி என்ற ஊரிலிருந்து ஷேர் வேன். பாதி வழியில் இறக்கிவிடுகிறார்கள். வெயில், கல், தூண், மறுபடி கல். சுற்றிலும் இவ்வளவுதான். ஆனால் ஒரு காலத்தில் இது பணக்கார ஊர். நான் பி.காம். என்பதால் முதலில் கண்ணில் பட்டது வரவு-செலவுதான். ரோமப் பிரமுகர் சிசரோ, கி.மு. 51-ல் இந்த வழியாக வந்தபோது பணம் மாற்ற நினைத்த இடம் இது. கறுப்புக் கம்பளி வியாபாரத்தில் கொழித்தது. அருகே மருத்துவப் பள்ளி வேறு. கி.பி. 60-ல் பூகம்பம் ஊரைச் சாய்த்தபோது, ரோமிடம் கை நீட்டாமல் சொந்தக் காசில் நிமிர்ந்துகொண்டதாக டாசிடஸ் எழுதியிருக்கிறார்.

‘எனக்கு ஒரு குறையும் இல்லை’ என்று நினைக்கிற இந்த ஊருக்குத்தான் கடிதம் செம டோஸ் விடுகிறது. பேங்க் ஊருக்கு, ‘நீ ஏழை, என்னிடம் தங்கம் வாங்கு’ என்கிற பாணியில் ஆலோசனை. கறுப்புக் கம்பளிக்காரர்களுக்கு வெள்ளை உடை. வைத்தியம் தெரிந்த ஊருக்குக் கண் மருந்து! எழுதியவருக்கு ஊர் விவரம் அத்துப்படி.

அடுத்தது தண்ணீர். தெற்கே இருந்த ஊற்றுகளிலிருந்து குழாய் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் குழாய்களை இப்போதும் பார்க்கலாம். உள்ளே சுண்ணாம்பு படிந்து, துவாரம் பாதியாக அடைந்து கிடக்கிறது. எதிரே, பத்து கிலோமீட்டரில் பாமுக்கலே. வெந்நீர் ஊற்று வழிந்து வழிந்து மலையே வெள்ளையாகிவிட்டது; செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறவிடுகிறார்கள். இன்னொரு பக்கம் கொலோசெ, குளிர்ந்த நீருக்குப் பேர்போனது. வெந்நீர் உடம்பு வலிக்கு ஆகும், குளிர்ந்த நீர் தாகத்துக்கு ஆகும். வெதுவெதுப்பு எதற்கு ஆகும்? ‘நீ வெந்நீரும் இல்லை, குளிர்ந்த நீரும் இல்லை, துப்பத்தான் லாயக்கு’ என்பது கடிதத்தின் சாரம். ‘யாருக்கும் உபயோகமில்லாமல் இருக்கிறாய்’ என்பதுதான் அதன் அர்த்தம் என்று ஆய்வாளர்கள் பலர் விளக்குகிறார்கள்.

இன்றைய விசுவாசிக்கு இதில் சங்கடமான சேதி இருக்கிறது. மிருகம் வேறு எங்கிருந்தோ வரும், 666 வேறு யார் நெற்றியிலோ இருக்கும் என்று நம்பிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் இந்தக் கடிதம் வெளியே யாரையும் கைகாட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, முதல் தேதி சம்பளம், ‘நமக்கென்ன குறை’ என்ற திருப்தி... இப்படி இருக்கிறவரைப் பார்த்துத்தான் பேசுகிறது. உலகம் என்றைக்கு முடிந்தால் என்ன? பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்மால் இன்றைக்குச் சூடோ குளிர்ச்சியோ கிடைத்ததா என்பதுதான் கேள்வி.

இவ்வளவு திட்டிய கடிதம் முடிகிற விதம்தான் ஆச்சரியம். இயேசு ஒரு வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிற படத்தைக் காலண்டர்களில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்சி இந்தக் கடிதத்தில் உள்ளதுதான்! ஏழு ஊர்களில் ஒரு பாராட்டுக்கூட வாங்காத ஊரின் வாசலில் நின்றுதான் அந்தத் தட்டல். ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கிலேய ஓவியர் 1850-களில் இதை வரைந்தபோது, கதவின் வெளிப்பக்கம் கைப்பிடியே வைக்கவில்லை. உள்ளே இருக்கிறவர்தான் எழுந்து வந்து திறக்க வேண்டும்.