மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு வாரம்

ஊட்டிக்கும் கூடலூருக்கும் தென்மேற்குப் பருவமழை என்றால், மலையின் கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கு வடகிழக்கு. அக்டோபர், நவம்பரில் பர்லியார் பக்கம் மண் சரிந்தால் மேட்டுப்பாளையம் சாலை அடைபடும், மலை ரயில் நின்றுவிடும். கற்பூர மரம் ஒன்று கம்பியில் சாய்ந்தால் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும். இந்த ஊரில் இருந்துகொண்டுதான் கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கி வருகிறேன்.

தொடக்கத்தில் எங்கள் தமிழாக்கக் குழு பயன்படுத்தியது சப்வெர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. ஒவ்வொரு கமிட்டும், அதாவது மாற்றத்தின் பதிவும், எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய்ச் சேர வேண்டும். இணைப்பு இல்லாத நாளில் ஒரு வரியைக்கூடப் பதிய முடியாது. 2005 ஏப்ரலில் லினக்ஸ் கெர்னல் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற இதே வகைக் கருவியின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதனால் லினஸ் டோர்வால்ட்ஸ் தானே ஒரு கருவியை எழுதினார். அதுதான் கிட். அதே மாதத்தில் மேட் மேக்கால் மெர்க்கூரியலைத் தொடங்கினார். இரண்டிலுமே ஒரு திட்டத்தின் முழு வரலாறும் அவரவர் கணினியில் இருக்கும். மூன்று நாள் இருட்டிலும் பேட்டரி உள்ளவரை கமிட் செய்துகொண்டே போகலாம். கம்பி சரியானதும் மொத்தமாகச் சர்வருக்குப் புஷ் செய்தால் போதும். சமவெளிக்காரர்களுக்கு இது ஒரு வசதியாக இருந்திருக்கலாம். எனக்கு வேலையே இதனால்தான் நிலைத்தது.

கென்னத் கொன்சால்வெஸை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. நீலகிரியில் இருந்தபடியே பைத்தானிலும் ஜாங்கோவிலும் நிரல் எழுதியவர். இந்தியப் பைத்தான் மென்பொருள் சங்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். 2012 ஆகஸ்டில் காலமானார். பைகான் இந்தியா மாநாட்டில் அவர் பெயரில் விருது வழங்குகிறார்கள். அவரை நான் சந்தித்ததில்லை. ஆனாலும் மலையில் இருந்துகொண்டே இதைச் செய்ய முடியும் என்ற துணிவு அவரால் வந்தது.

இடம் பற்றிய கவலையை கிட் தீர்த்தது. காலம் பற்றிய கவலை அப்படியே இருந்தது.

மென்பொருளின் திரையில் தெரியும் ஒவ்வொரு ஆங்கில வரியும் பிஓ கோப்பில் தமிழ் வரியோடு ஜோடியாக இருக்கும். ஆங்கில வரியில் ஒரு முற்றுப்புள்ளி மாறினாலும் கெட்டெக்ஸ்ட் கருவி அந்த ஜோடியை 'ஃபஸ்ஸி' என்று குறித்துவிடும். குறி நீங்கும்வரை அந்தத் தமிழ் திரைக்கு வராது. அந்த இடத்தில் ஆங்கிலமே நிற்கும். நிரலாளர் கடைசி வாரத்தில் மெனுவைச் சற்று மெருகேற்றினால் அவருக்கு அது பத்து நிமிட வேலை. உலகத்தின் மற்ற மொழிக்காரர்கள் எல்லாருக்கும் அது புது வேலை.

ஒரு நவம்பரில் அதுதான் நடந்தது. நாங்கள் முழுமையாகத் தமிழாக்கி வைத்திருந்த ஒரு மென்பொருளில், வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அமைப்புகள் பக்கம் முழுவதையும் திருத்தினார்கள். எங்களுக்கு அப்போது மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடங்களுக்கு என்று நாங்கள் காத்திருந்த பதிப்பு, பாதி ஆங்கிலமாக வெளிவந்தது. அன்று பட்ட வேதனை இன்னும் ஆறவில்லை. அதைவிட, அவகாசம் கேட்க நான் எத்தனை காலமாகக் கூச்சப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மழை, கரண்ட் என்று சொன்னால் சாக்கு சொல்வதாக நினைப்பார்களோ என்று தயங்கியே இருந்திருக்கிறேன்.

பெரிய திட்டங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று தேடிப் படித்தேன். க்னோம் டெஸ்க்டாப் ஆண்டுக்கு இருமுறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும் வெளியாகிறது. வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே 'ஸ்ட்ரிங் ஃப்ரீஸ்' அறிவித்துவிடுவார்கள். அதன் பிறகு திரையில் ஒரு சொல்லை மாற்றவும் மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்களின் ஒப்புதல் வேண்டும். கெர்னலிலும் அதே ஒழுங்கு: புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம், அதன் பின் வாரத்துக்கொரு சோதனைப் பதிப்பு, ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு. ஆக, நான் கேட்கக் கூச்சப்பட்டது அங்கெல்லாம் எழுதி வைத்த விதி.

எங்கள் பக்கத்துச் சிறு விவசாயிகளின் தேயிலைக் கொழுந்தை எடுக்க லாரி குறித்த நேரத்தில் வரும். மேட்டுத் தோட்டத்துக்காரர் அந்த நேரத்தை வைத்தே பறிப்பைத் தொடங்குவார். சொல்லாமல் லாரி முந்திப் போய்விட்டால் அவர் மூட்டை வாடிப்போகும். அதற்காக அவரைச் சோம்பேறி என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. நவம்பரில் பாதி ஆங்கிலமாக வெளிவந்த அந்த மென்பொருள் திட்டத்துக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் விளக்கினேன். இரண்டு வாரம் வேண்டும், தேதி முன்பே தெரிய வேண்டும் என்று கேட்டேன்.

அவர்கள் மறுக்கவில்லை. வெளியீட்டுக்குத் தனிக் கிளை (பிரான்ச்) பிரித்து, அதில் சொற்களைப் பூட்டிவிட்டு, முதல் சோதனைப் பதிப்புக்கு டேக் போட்ட அன்றே மொழிபெயர்ப்பாளர்களுக்கு எழுதிவிடுகிறார்கள். புது வசதிகள் முதன்மைக் கிளையில் தடையின்றிச் சேர்கின்றன. அவற்றின் தமிழ் அடுத்த சுற்றுக்கு. நவம்பர் வெளியீட்டை ஜனவரிக்குத் தள்ளியதும் நான் கேட்டுத்தான்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுத்தேன். பாதுகாப்புக் கோளாறு என்றால் யாருக்காகவும் காத்திருக்கக் கூடாது. எச்சரிக்கை வரி ஆங்கிலத்திலேயே போகட்டும், ஓட்டை உடனே அடைபட வேண்டும். அதற்கான தமிழை அடுத்த திருத்தப் பதிப்பில் சேர்த்துக்கொள்கிறோம்.