எல்லாம் ஒரே செக்கு

எங்கள் ஊருக்கு ரயிலில் வருகிறவர்கள் ‘ஆரணி ரோடு’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து இறங்க வேண்டும். நிலையம் இருப்பது களம்பூரில். பெயர் மட்டும் ஆரணியுடையது. பெயர் ஓரிடத்திலும் பொருள் வேறோரிடத்திலும் இருப்பது எனக்குச் சிறுவயதிலேயே பழகிய விஷயம். அப்படியும் ஒரு சொல்லில் இடறினேன்.

2003 ஆம் ஆண்டு. நான் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா கூலிக்குப் பட்டு நெய்தார். அந்த மாதம் தறியில் இருந்தது கட்டம் போட்ட சேலை. வியாபாரிகள் வாயில் ‘செக்’ சேலை. கட்டம் நெய்வது கண்ணுக்கும் கணக்குக்கும் வேலை. நிறம் மாறும்போதெல்லாம் நாடாவை மாற்ற வேண்டும். ஊடை இழைகளை எண்ண வேண்டும். அடி தளர்ந்தால் சதுரம் நீளும், இறுகினால் குறுகும். சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் விரித்துச் ‘செக்’ செய்தார்கள். முந்தானைக்கு அருகில் நான்கு கட்டங்கள் நீண்டிருந்தனவாம். கூலியில் பிடித்துக்கொண்டு, மீதிக்கு முதன்முறையாகச் ‘செக்’ கொடுத்தார்கள்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “செக்கு நெஞ்சேன், செக்கு பண்ணாங்க, செக்கு குடுத்தாங்க. எல்லாம் ஒரே செக்குதாண்டா” என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. மூன்றும் வேறு வேறு சொற்கள், வங்கிச் செக்குக்கு எழுத்துக்கூட்டே வேறு, ஒலி ஒன்றாக இருப்பதால் பொருள் ஒன்றாகிவிடாது என்று விளக்கினேன். எண்ணெய்ச் செக்கையும் துணைக்கு இழுத்தேன். (அது மட்டும் உண்மையிலேயே வேறு சொல்.) “படிச்சவன் சொன்னா சரி” என்று அப்பா தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

ஆசிரியப் பணிக்கு வந்த பிறகு, கலைச்சொல்லாக்கம் பற்றிய வகுப்புக்காக ஆங்கிலச் சொற்பிறப்பு அகராதியைப் புரட்டியபோதுதான் அப்பா சொன்னது சரி என்று தெரிந்தது.

மூலம் பாரசீகத்தின் ‘ஷா’, அதாவது அரசன். சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து என்று எச்சரிக்கும் குரல் அது. அரபு, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘செக்’ ஆயிற்று. அரசனை மறிப்பதிலிருந்து தடுத்தல் என்ற பொருளும், பிறகு சரிபார்த்தல் என்ற பொருளும் கிளைத்தன. ஆட்டப் பலகையின் கட்டங்கள் துணிக்குப் பெயராயின. பணத்தாளின் மோசடியைச் சரிபார்க்க வைத்துக்கொண்ட அடிக்கட்டையின் பெயர் பின்னர்த் தாளுக்கே ஏறியது. ஆங்கிலேயர் அதன் எழுத்துக்கூட்டை மாற்றியது தங்கள் அரசுக் கருவூலத்தின் பெயரான ‘எக்ஸ்செக்கர்’ என்பதன் சாயலில். அமெரிக்கர் இன்றும் மூன்றையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்! ஆட்டம் போனது இந்தியாவிலிருந்து. ஆனால் ஆங்கிலத்தின் ‘செஸ்’ சதுரங்கத்திலிருந்து வரவில்லை. அதுவும் அந்த ‘ஷா’வின் வழித்தோன்றலே.

கருவூலத்தின் கதைதான் என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது. பன்னிரண்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசனின் வரிக்கணக்கைப் பத்தடி நீளம், ஐந்தடி அகலமுள்ள மேசையில் பார்த்தார்கள். மேலே கறுப்புத் துணி; அதில் ஓரடி அல்லது ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். கட்டங்களில் வில்லைகளை நகர்த்திக் கூட்டினார்கள், கழித்தார்கள். சதுரங்கப் பலகையை ஒத்திருந்ததால் மேசைக்கு அந்தப் பெயர், மேசையிலிருந்து அலுவலகத்துக்கு. அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார். ஆக, ஒரு கட்டத் துணியின் மேல்தான் ஒரு நாட்டின் கணக்கே சரிபார்க்கப்பட்டிருக்கிறது.

நம் ‘கட்ட’மும் லேசுப்பட்டதல்ல. சேலையில் இருப்பதும் கட்டம், சோதிடர் போடுவதும் கட்டம், வாழ்க்கையில் அடுத்து வருவதும் கட்டம். வடமொழியின் கஷ்டம் தமிழ் உருக்கொண்டாலும் கட்டந்தான். கூலி குறைந்த அன்று அம்மா சொன்னது, “நம்ம கட்டம் சரியில்ல.” அவள் எதைச் சொன்னாள் என்று இலக்கணப்படி என்னால் பிரித்துக்காட்ட முடியாது.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போய் அப்பாவிடம் தவறை ஒப்புக்கொண்டேன். அந்தப் பேச்சே அவருக்கு நினைவில் இல்லை. அரசன், சதுரங்கம், மேசை என்று நான் சொல்லிக்கொண்டே போக, கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டிருந்தார். துணி என்றதும் நிமிர்ந்தார்.

“எவ்ளோ பெரிய கட்டம்?”

“ஒரு சாண்.”

“அது சுலபம். சின்னக் கட்டந்தான் கண்ணைப் புடுங்கும்” என்றார்.