சதுரத்துக்கு மூணு டன்

மதுரை ஒத்தக்கடைக்கு அப்பால் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டுக்கு, ரூஃப் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் போயிருந்தேன். ஆயிரம் சதுர அடி. கட்டட வேலைக்காரர்கள் கணக்கில் பத்துச் சதுரம். உள்ளே எங்கும் சவுக்கு முட்டுகள். சென்ட்ரிங் மேஸ்திரி ஒவ்வொரு முட்டாகத் தட்டிப் பார்த்து, தளர்ந்த இடத்தில் ஆப்பு இறுக்கிக்கொண்டு வந்தார்.

“நாளைக்கு இது மேல எவ்வளவு பாரம்ணே ஏறும்?”

“அஞ்சு இஞ்சு கனம் சார். சதுரத்துக்கு மூணு டன் வச்சுக்கங்க. பத்துக்கு முப்பது.”

நோட்டில் போட்டுப் பார்த்தேன். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 25 கிலோ நியூட்டன் என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல். ஏறக்குறைய 2,500 கிலோ. கன அடிக்கு 71 கிலோ. ஐந்து அங்குலக் கனத்தில் ஒரு சதுர அடிக்கு 29.5 கிலோ, ஒரு சதுரத்துக்கு 2,950. மேஸ்திரி 50 கிலோ கூட்டியே சொல்லியிருந்தார். பாரத்தைக் கூட்டி எண்ணுவதுதான் பாதுகாப்பு.

முட்டுகளை மூன்றடிக்கு மூன்றடி நிறுத்தினால் ஒவ்வொன்றின் தலையிலும் 265 கிலோ. இதோடு பலகை, ஆட்கள், வைப்ரேட்டரின் அதிர்வு எல்லாம் சேரும். பீம் ஓடும் இடத்தில் முட்டுகள் நெருங்கி நின்றன. ஒன்பதுக்குப் பதினெட்டு அங்குல பீம், ஓர் அடி நீளத்துக்கே 80 கிலோ.

“போட்ட பிறகு அது பாட்டுக்கு நிக்கும் சார். போடும்போதுதான் பயம். ஒரே இடத்துல குமிச்சிட்டாங்கன்னா முட்டு தாங்காது” என்றார். ஒரு கன மீட்டர் பச்சைக் கலவை ஓரிடத்தில் குவிந்தால் 2,400 கிலோ. அதனால் கான்கிரீட் போடும் நேரம் முழுக்க அவருடைய ஆள் ஒருவர் கீழேயே நிற்பார், முட்டுகளைப் பார்த்தபடி.

மறுநாள் மிக்ஸர் கீழே ஓடியது. சாரத்தில் படிப்படியாக நின்ற சித்தாள்கள் சட்டியைக் கை மாற்றி மேலே அனுப்பினார்கள். கம்பியைக் கழித்தாலும் 28 டன். சட்டிக்குப் பதினைந்து கிலோ என்றால் ஏறத்தாழ 1,900 சட்டி. முட்டுகள் தாங்கும் முன்பே அத்தனை எடையும் அந்தப் பெண்களின் கைகளைக் கடந்திருந்தது. விதிநூல்கள் எழுதாத கணக்கு இது; கூலி பேசும்போதாவது நினைவில் இருக்க வேண்டும்.

கான்கிரீட் இறுகியதும் முட்டைப் பிரிக்க வீட்டுக்காரர்களுக்கு அவசரம் வந்துவிடுகிறது. சாதாரண சிமெண்டில் போட்ட, நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டு ஏழு நாளாவது நிற்க வேண்டும். அதற்கு மேல் பதினான்கு நாள். ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள். அதுவரை தளத்தின் எடை முட்டுகளின் மேல்தான்.

வீடு கட்டுகிற எவரும் இதைத் தாமே கணக்கிடலாம். நீளம், அகலம், கனம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, வருவதை 71-ஆல் பெருக்கினால் கிலோ கிடைக்கும். சென்ட்ரிங் செலவைக் குறைக்கச் சொல்லும் முன் அந்த எண்ணை ஒருமுறை எழுதிப் பாருங்கள். முட்டைக் குறைத்தால் மிச்சமாவது சில ஆயிரம் ரூபாய். அந்தப் பாரத்தின் கீழே நிற்பவர் ஒரு மனிதர்.