கைமாறிய கொப்பிகள்

ஊருக்குப் போகிற எங்கள் பட்ச்காரர் எவரும் இராமநாதன் வீதியால் ஒருதரம் நடக்காமல் திரும்புவதில்லை. பரமேஸ்வராச் சந்தியில் இறங்கியதுமே கைத்தொலைபேசி வெளியே வந்துவிடும். பரமேஸ்வரன் கோயில், நூலகத்து வாசல், கைலாசபதி கலையரங்கு என்று படங்கள் ஒவ்வொன்றாக எங்கள் வட்ஸ்அப் குழுவில் வந்து விழும். லண்டனில் ஒருவன் வேலை முடிந்து ரயிலில் இருப்பான், மெல்பேணில் ஒருத்தி படுக்கப் போயிருப்பாள், ஸ்காபரோவில் நான் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்திருப்பேன். எல்லோரும் படத்தைப் பார்ப்போம். ஆனால் ஒருவரும் படத்தில் இருப்பதைக் கேட்கமாட்டோம். "அந்த வேம்பு நிக்குதோ?" "எங்கட சைக்கிள் பார்க் எந்தப் பக்கம் மச்சான்?" "பழைய கன்ரீன் இருந்த இடத்தில இப்ப என்ன?" படத்தில் மாடிக் கட்டடம் ஒன்று வெள்ளையடித்து நிற்கும். எங்களுக்கு அதற்குப் பின்னால்தான் கண்.

அந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளவு எங்களுக்கு முன்னமே பழையது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் பரமேஸ்வராக் கல்லூரியைத் தொடங்கிய நிலம் அது. 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஆறாவது வளாகம் அங்கே திறக்கப்பட்டபோது பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதல் தலைவராக வந்தார். விஞ்ஞான பீடத்துக்கு அப்போது அந்தத் திருநெல்வேலி வளவில் இடமில்லை. வட்டுக்கோட்டையில், யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதி இருந்த கட்டடத்தில்தான் முதல் பட்ச்காரர் படித்தார்கள். 1979 ஜனவரியில் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானது. எங்கள் சீனியர்களின் சீனியர்கள் வட்டுக்கோட்டை நாட்களைச் சொல்லத் தொடங்கினால், சொந்த வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியவர்களின் குரல் வரும். அது எங்களுக்கு வாய்க்கவில்லை. நாங்கள் உள்ளே போனபோது வீடு எரிந்துகொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. 1987 ஒக்டோபரில் இந்தியப் படை வளாகப் பக்கமாக ஹெலிகொப்டரில் இறங்கி நடந்த சண்டையைச் சீனியர்கள் இடம் காட்டிச் சொல்வார்கள். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த கலாநிதி ராஜினி திராணகம சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவ பீடத்து நண்பர்கள் அதன்பிறகு பல நாள் எங்களோடு சரியாகப் பேசவில்லை. அவரிடம் படித்தவர்கள் இன்று எந்தெந்த நாட்டு ஆஸ்பத்திரிகளிலோ நிபுணர்கள். செப்டெம்பர் வந்தால் அவர்களில் யாராவது ஒருவர் அவருடைய படத்தைக் குழுவில் போடுவார். "எங்கட மடம்" என்பதற்கு மேல் ஒரு வரியும் இராது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் ஒரு பீடத்தின் பழைய மாணவர்களைச் சேர்த்து வைத்திருப்பதில் அந்த இரண்டு சொல்லுக்கும் பங்கு உண்டு.

1990 ஜூனில் போர் மறுபடி தொடங்க, மின்சாரம் போனது. போனது போனதுதான். பற்றறிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, கடதாசிக்குத் தட்டுப்பாடு. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்கள் அவை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைச் சுற்றி, டைனமோவில் றேடியோவுக்கு உயிர் கொடுத்துச் செய்தி கேட்டோம். குமாரசாமி வீதிப் போடிங் அறைகளில் இரவானால் ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அதில் கொஞ்சமாக மண்ணெண்ணெய், மெல்லிய திரி. இரண்டு பேர் ஒரு விளக்கடியில் இருந்தால் இரண்டு பேருடைய மூக்கும் விடிய கறுத்திருக்கும். பரீட்சைகள் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், நாலு வருடப் படிப்பு ஆறும் ஏழும் ஆனது. ஒரே நேரத்தில் பல பட்ச் உள்ளே தேங்கி நின்றது. அதனால்தானோ என்னவோ, சீனியர் யார் ஜூனியர் யார் என்ற இடைவெளி எங்களுக்குள் மற்றக் கம்பஸ்களைப் போல இருக்கவில்லை.

படிப்புக்கு நூலகப் புத்தகம் ஒன்று என்றால் அதற்கு ஐம்பது பேர். போட்டோப்பிரதி எடுக்க மின்சாரம் இல்லை. ஆகவே கொப்பிதான். தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. பரீட்சை முடிந்த கையோடு அதை அடுத்த பட்ச்சில் ஒருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். யாரும் சொல்லித் தரவில்லை, அப்படித்தான் நடந்தது.

என்னிடம் வந்த பௌதிக இரசாயனவியல் கொப்பியில் மூன்று பேருடைய கை இருந்தது. முதல் ஆளின் எழுத்து சின்னது, வலப்பக்கம் சரிந்தது, நீல மை. விரிவுரை ஆங்கிலத்தில் நடந்ததால் வரிகளும் ஆங்கிலம். இரண்டாவது ஆள் பென்சில்காரர். ஏ.எல். வரைக்கும் தமிழில் படித்துவிட்டு வந்து முதல் வருடம் திணறியவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கடினமான சொல்லுக்கும் மேலே பொடி எழுத்தில் தமிழ் போட்டிருந்தார். மூன்றாவது கை சிவப்பு, ஓர் அக்காவுடையது. "சேர் இதை இரண்டு தரம் சொன்னவர், கட்டாயம் வரும்." "இந்த நிறுவலைப் பாடமாக்க வேண்டாம், அடுத்த பக்கம் பார்த்தால் விளங்கும்." ஒரு பக்கத்தில் மண்ணெண்ணெய் சிந்தி எழுத்து கலங்கியிருந்தது. அதன் ஓரத்தில் அதே சிவப்பில், கலங்கிய நாலு வரியும் திரும்ப எழுதப்பட்டிருந்தன. தான் படித்து முடித்த பாடத்தை, தனக்குப் பிறகு வருகிறவருக்காக விளக்கடியில் இருந்து திருப்பி எழுதியிருக்கிறார். அந்த நாலு வரியை நான் எத்தனையோ தரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சமன்பாடு மறந்துபோயிற்று. அந்தக் கையெழுத்தை இன்றைக்கும் எங்கே கண்டாலும் அடையாளம் சொல்வேன்.

நான் பச்சை மையில் எழுதினேன். முடித்தபிறகு முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு தம்பியிடம் கொடுத்தேன். பிறகு 1995 ஒக்டோபர் 30. யாழ்ப்பாணமே ஓர் இரவில் எழும்பி, மழையில், நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. அன்றைக்கு யார் எதைக் கொண்டுபோனார்கள், எதை விட்டார்கள் என்று அவரவர் வீட்டில் ஒரு கதை இருக்கிறது. பல வருடம் கழித்து அந்தத் தம்பியைச் சந்தித்தபோது கொப்பியைப் பற்றிக் கேட்டேன். "அண்ணை, இடம்பெயர முன்னமே ஜூனியர் ஒராளிட்டக் குடுத்திட்டன். அவாவுக்கு அடுத்த மாசம் சோதினை எல்லோ" என்றார். பட்டினத்தையே காலி செய்யப்போகிற நாட்களிலும் கொப்பி அதன் முறைப்படி போயிருக்கிறது.

வெளியே வந்த எங்களுக்கு அடுத்த தேவை பட்டச் சான்றிதழும் பெறுபேற்று விபரமும். கனடாவில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தால், பல்கலைக்கழகமே உறையில் இட்டு முத்திரை குத்தி அனுப்பிய பெறுபேறு வேண்டும் என்பார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுப்பது பெரும்பாடாக இருந்த காலம். கடிதம் போட்டால் போய்ச் சேர வாரக்கணக்கு. எங்கள் பட்ச்சில் ஒருவன் ஊரைவிட்டு வரவில்லை. செய்முறை வகுப்பு எடுக்கும் தற்காலிக வேலையில் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டான். எங்கள் எல்லோருடைய கடிதங்களும் அவனுக்குத்தான் போயின. பரீட்சைப் பகுதியில் வரிசையில் நின்று, கட்டணம் கட்டி, கையெழுத்து வாங்கி, கொழும்புக்குப் போகிறவர் யாரையாவது பிடித்துத் தபாலில் சேர்ப்பித்தான். உறைக்குள் தன் பங்குக்கு ஒரு துண்டு வைப்பான்: "கிடைத்ததும் எழுது. வேறு என்ன வேணும் எண்டும் எழுது." முத்திரைக் காசுகூட ஒருவரிடமும் கேட்கவில்லை.

எங்களில் பலருடைய இன்றைய வேலையும் வீடும் அவன் அனுப்பிய அந்த உறையிலிருந்து தொடங்குகின்றன. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய மாணவர் என்று இப்போது கூட்டம் கூடும்போது, கொடுக்கிறவர் வெளிநாட்டில், வாங்குகிறவர் ஊரில் என்ற நினைப்பு எப்படியோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. முதலில் கொடுத்தவர்கள் ஊரில் நின்றவர்கள். ஷெல் அடிக்கு நடுவில் விரிவுரை எடுத்தவர்கள், 1996இல் திரும்பிப் போய் வகுப்பறைகளைக் கூட்டித் துடைத்து மறுபடி தொடங்கியவர்கள், பெயர்ப் பதிவேடுகளைக் காப்பாற்றி வைத்தவர்கள். அவர்கள் போயிருந்தால் "எங்கட கம்பஸ்" என்று சொல்ல எங்களுக்கு ஓர் இடமே இருந்திராது. நாங்கள் இன்றைக்கு அனுப்புவது நன்கொடை அல்ல, பழைய கடனின் தவணை.

அந்தத் தவணை இப்போது மாதாமாதம் போகிறது. எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டணம் இல்லை. கன்னங்கரா காலத்து இலவசக் கல்வி இன்றைக்கும் நிற்கிறது. 1981இல் தொடங்கிய மஹாபொல புலமைப்பரிசிலும் இருக்கிறது. ஆனால் மஹாபொல பல நேரம் பிந்தித்தான் வரும். போடிங் வாடகையும் சாப்பாடும் பிந்தாது. 2020இல் வகுப்பெல்லாம் இணையத்துக்குப் போனபோது, வீட்டில் ஒரே ஒரு கைத்தொலைபேசி, அதில் தம்பி தங்கைக்கும் பாடம் என்று இருந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். அந்த வருடம் நாங்கள் பாவித்த மடிக்கணினிகளைச் சேர்த்து அனுப்பினோம். 2022இல் அமெரிக்க டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுக்குள் 360 வரை ஏறியது. எங்கள் டொலருக்கும் கூடுதல் ரூபா கிடைத்தது, உண்மைதான். ஆனால் அரிசியும் பருப்பும் அதைவிட வேகமாக ஓடின. ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு விரிவுரைக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஊரில் நின்ற அந்த நண்பன் எழுதினான். இப்போது அவன் அங்கே முதுநிலை விரிவுரையாளன். மாணவர் ஆலோசகர்களோடு பேசிப் பட்டியல் தந்துவந்தவனும் அவன்தான். பணம் நேரே பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகும். பெயரும் படமும் எங்கேயும் போடுவதில்லை. இந்த ஒரு நிபந்தனையை அவன் ஆரம்பத்திலேயே வைத்துவிட்டான். உதவி வாங்குகிற பிள்ளையை மேடையில் ஏற்றி உறை கொடுத்துப் படமெடுக்கும் வழக்கத்தை எனக்கும் பார்க்கப் பொறுக்காது.

குழுவுக்குள் வாக்குவாதம் இல்லாமல் இல்லை. சிலருக்கு மண்டபம் கட்ட ஆசை, வாசலில் கல்வெட்டு வைக்க ஆசை. நாங்கள் இருந்தோம் என்பதற்கு ஓர் அடையாளம் வேண்டும் என்று அவர்கள் சொல்லும்போது அந்த ஏக்கம் எனக்கு நன்றாக விளங்குகிறது. எங்கள் வேம்பு நிற்கிறதோ தெரியாது, கன்ரீன் இல்லை, போடிங் வீட்டுக்காரர் போய்விட்டார். ஆனாலும் மாதக் காசு ஒருபோதும் மண்டபத்துக்குப் போகக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இன்னொரு வாக்குவாதம் இதைவிட வலித்தது. இன்றைய கம்பஸ் நாங்கள் விட்டுவந்த கம்பஸ் அல்ல. பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. வவுனியா வளாகம் 2021இல் பிரிந்து தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. பல பீடங்களில் தெற்கிலிருந்து வந்த சிங்களப் பிள்ளைகள் பெருந்தொகையாகப் படிக்கிறார்கள். ஒருமுறை பட்டியலில் மொனராகலைப் பிள்ளை ஒருத்தியின் பெயர் வந்தது. அப்பா கூலி வேலை, வீட்டில் நாலு பிள்ளைகள். "எங்கட பிள்ளையளுக்கே போதாமல் இருக்கேக்க" என்று குழுவில் ஒருவர் எழுதினார். அவரும் நிறைய இழந்தவர், அதனால் அவரோடு நான் கோபிக்கவில்லை. இரவு தொலைபேசி எடுத்து நெடுநேரம் கதைத்தோம். இராமநாதன் வீதிக்குப் படிக்க வந்த பிள்ளை கம்பஸ் பிள்ளை என்பதற்கு மேல் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பிள்ளையின் பங்கைத் தானே தருவதாக அவர் சொன்னார். பிள்ளை போன வருடம் பட்டம் பெற்றுவிட்டாள்.

எங்களிடம் முன்பு உதவி பெற்ற இரண்டு பேர் இப்போது கொழும்பில் வேலை செய்கிறார்கள். பட்டியல் வேலையை இந்த வருடம் அவர்கள் பொறுப்பெடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி முதல் கூட்டத்திலேயே கேட்டாள்: "அண்ணையாக்கள், காசு வந்தது, நன்றி. ஆனா அப்ப எனக்கு ஒரு சீனியர் இருந்திருந்தா இன்னும் உதவியா இருந்திருக்கும். முதல் வருசம் இங்கிலீஷ் விளங்காமல் ரெண்டு பாடம் விட்டனான். ஆரைக் கேக்கிறது எண்டு தெரியேல்ல." காணொளித் திரையில் இருந்த ஒருவருக்கும் உடனே பேச்சு வரவில்லை.

அந்த மாதமே தொடங்கினோம். பணம் பெறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும், அதே பாடம் படித்த ஒருவர் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார். எனக்கு இரண்டு பேர். ஒருத்தி மல்லாவி, மற்றவன் பதுளை. எனக்குச் சனிக்கிழமை காலை, அவர்களுக்கு மாலை. ஆங்கிலத்தில் இருக்கிற குறிப்பை அவர்கள் வாசிக்க, சொல்லுக்குச் சொல் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன். நான் மறந்ததை முதல் நாள் இரவு திரும்பப் படித்துவிட்டுத்தான் உட்காருகிறேன். தேமோடைனமிக்ஸ் இரண்டாம் விதி வரைக்கும் வந்திருக்கிறோம். உயிரியல், கணிதம் படித்த சீனியர்கள் இன்னும் போதவில்லை.