டி.வி-யிலேயே வருதே... அகமதாபாத் எதுக்குடி?

2025 ஜனவரி 26, அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் கோல்ட்ப்ளே இசைக்குழுவின் கச்சேரி. அதை ஓ.டி.டி-யிலும் நேரலையாகக் காட்டப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் அம்மா கேட்டதுதான் தலைப்பு.

நியாயமான கேள்விதான். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு, உலகத்தில் எது நடந்தாலும் அது திரையில்தான் நடக்கும். ஆனால், இது பாட்டுக்காக மட்டும் போன பயணமில்லை.

டிப்ளமோ படிக்கும்போது ஒரே இயர்போனை மாற்றி மாற்றிக் காதில் வைத்து 'யெல்லோ' கேட்ட தோழிகள் நாங்கள் நான்கு பேர். ஒரு வருஷம் முன்பு எங்களில் ஒருத்தியின் அப்பா இறந்துபோனார். அதன்பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் அவள் பேச்சே இல்லை. 'கோல்ட்ப்ளே போலாமா?' என்று கேட்டதற்குத்தான் 'ம்' என்றாள். அந்த ஓர் எழுத்துக்காகவே டிக்கெட் எடுத்தோம்.

நவஜீவன் எக்ஸ்பிரஸில் 30 மணி நேரத்துக்கும் மேல் பயணம். துணைக்கு இரண்டு டப்பா புளியோதரை.

மைதானத்துக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல். எல்லோர் கையிலும் எல்.இ.டி ரிஸ்ட்பேண்ட். ரிமோட் சிக்னலில் மொத்தக் கூட்டமும் ஒரே நொடியில் மஞ்சளாகிறது, சிவப்பாகிறது. டி.வி-யில் அது அழகான காட்சி. அங்கே இருந்தால், அந்த வெளிச்சத்தில் ஒரு புள்ளி நம் கையில்!

குடியரசு தினம் என்பதால் ஏ.ஆர்.ரஹ்மானின் 'மா துஜே சலாம்' பாடலையும் தொட்டார் கிறிஸ் மார்ட்டின். சுற்றிலும் இந்தியில் பாட, நாங்கள் நால்வரும் 'தாய் மண்ணே வணக்கம்' என்று தமிழில் கத்தினோம். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

பிறகு 'ஃபிக்ஸ் யூ' வந்தது. தன் அப்பாவை இழந்திருந்த க்வினெத் பால்ட்ரோவுக்காக, அப்போது அவர் கணவராக இருந்த கிறிஸ் மார்ட்டின் எழுதிய பாடல் அது. 2005-ல் வெளியானது. ஆர்கன் இசை தொடங்கியதுமே அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன்டி. 'என்னம்மா, சர்ச்ல வாசிக்கிற மாதிரி இருக்கு'ன்னார்."

சொல்லிவிட்டு அழுதாள். நாங்கள் மூவரும் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றோம், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஓர் அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒரு லட்சம் பேர் சேர்ந்து பாடும் இடத்தில், ஒருத்தி அழுவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. இந்த வசதி எந்த நேரலையிலும் கிடைக்காது.

ரிஸ்ட்பேண்டுகள் மறுபடியும் பயன்படுபவை என்பதால், வெளியே வரும்போது திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தோம். என் போனில் அந்தப் பாட்டின் வீடியோ ஒரு நொடிகூட இல்லை.

திரும்பும் ரயிலில் அவள் அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். சூரத்தில் தொடங்கியவள், விஜயவாடா தாண்டியும் நிறுத்தவில்லை.